கதவுக்கீலில் ஒரு பிரிட்ஜ்

இதற்கும் கீழே இறக்கினால் கிட்டார்க் கம்பி கட்டையிலேயே படுத்துக்கொள்ளும், அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார் என்று ஹில்டாவின் மனம் முனகுகிறது. பாளையங்கோட்டை வீட்டின் ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயிலில் பத்தமடைப் பாயெங்கும் பித்தளைத் தூள் மினுங்குகிறது. பழைய கதவுக்கீலை அறுத்து, அரத்தால் ராவி, பேனா ஸ்பிரிங்குகள் நாலைக் கோத்து, கம்பிகளைத் தாங்கவும் ஏற்றி இறக்கவும் தோதாக ஒரு பிரிட்ஜை அவளே செய்து, கணவர் ராயப்பனின் பேஸ் கிட்டாரில் பொருத்தியிருக்கிறாள். நரம்பு நோயில் அவரது விரல்கள் மாதாமாதம் பலம் இழக்கின்றன. கம்பி தாழ்ந்திருந்தால் அழுத்துவது எளிது, ஞாயிறு பூசைக்கு வாசித்துவிடலாம் என்றுதான் இத்தனை பாடும். காலையிலிருந்து திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வருகிறாள். அவர் மறுபடி அழுத்திப் பார்க்கிறார். நகக்கண் வெளுக்கிறது, கம்பி கட்டையைத் தொடவில்லை.

"ஏளா, இன்னும் ஒரு சுத்து எறக்கு."

"எறக்குனா கரகரன்னு இரையும். சுரமே வராதுங்க."

"வராட்டிப் போட்டும். நம்ம கோயில் பாட்டுக்கார அம்மாமாரு போடுத கூச்சல்ல எவனுக்குட்டி கேக்கப் போவுது? வாசிக்க மாதிரி அங்கன சும்மா நின்னுக்கிடுதேன்."

சிரிக்கிறார். சிரிப்பு ஓய்ந்த பின்னும் கிட்டாரை அவள் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் டவுண் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போகிறது. ஹில்டா பித்தளைத் தூள் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்.

"எறக்க மாட்டேங்க" என்கிறாள் பைய.