நாப்பத்தேழு டவுன் பஸ்

"சங்கரன்கோவில்ல ஏறி, கன்னியாகுமரி பாத்து, மெட்ராஸும் போயிட்டு ஒம்பது நாள்ல வந்துட்டேன். எல்லாம் பொம்பளைகளுக்கு ஃப்ரீயா விடுத டவுன் பஸ்தான். நாப்பத்தேழு பஸ்! ஒத்த ரூவாக்கு டிக்கெட் எடுக்கல!"

பேரனின் பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்காமலே பேசினாள் மாடத்தி, ரிட்டயரான அங்கன்வாடி டீச்சர்.

"பச்சப் புளுகு. டவுன் பஸ்ல மெட்ராஸா?" என்றார் கணவர் சங்கரசுப்பு, ரிட்டயரான கண்டக்டர்.

"புளுகுன்னா இனி எங்கயும் போவக்கூடாது. பையக் குடும்மா," என்று மகள் தேன்மொழி பிடித்து இழுத்தாள்.

"விடு ஏட்டி. நாளைக்கு நாகப்பட்டினம் போவணும்."

சங்கரசுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பைத் தடவிக்கொண்டார். "ஒம்பது நாளும் குருவிகுளத்துல தம்பி வீட்டுல நிம்மதியா இருந்துட்டு வந்திருக்கேன். இவள விட்டுறாத மக்கா!"

மாடத்தி மகள் பக்கம் திரும்பினாள். "இன்னொன்னு கேளு. தலையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு, ஒரு களவாணிப் பய எல்லா பஸ்லயும் பின் சீட்டுலயே வந்தான்."

"அய்யோ! பொறவு?"

"பொறவென்ன? நாப்பத்தேழு பஸ்லயும் அவன் டிக்கெட்டே எடுக்கல. வித்தவுட்டு!"

"யாருட்டி வித்தவுட்டு?" சங்கரசுப்பு துள்ளி எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ரப்பர்பேண்ட் போட்ட டிக்கெட் கட்டை எடுத்து மேசையில் அடித்தார். "முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் பாத்தவன் நான். எண்ணிப் பாரு, நாப்பத்தேழும் இருக்கு!"

தேன்மொழி அப்பாவையே பார்த்தாள். மாடத்தி பையின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

சங்கரசுப்பு மெல்ல உட்கார்ந்தார்.

"போனா மக்கா. மெட்ராஸ் வரைக்கும் போனா. நாந்தான் பின்னாலயே போனேன்."