மந்திரி யாரிடம் போகும்

அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள். இன்னொன்றில், அந்த ஆய்வுக்கூடத்தில் நாய்களைக் குளிப்பாட்டுகிறவர்.

கதவு திறந்ததும் அவள் நாய் மந்திரி எந்த நாற்காலிக்குப் போகிறது என்பதுதான் சோதனை.

"என்கிட்ட வந்துட்டா நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்க்கா. அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது," என்றார் அவர்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வயதான நாய்களுக்கு வரும் மறதிக்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். மறக்கத் தொடங்கிய நாய்களுக்குத்தான் அது; முழுக்க மறந்துவிட்டவற்றுக்கு இல்லை. வளர்த்தவளைக் கண்டுபிடித்துவிட்டால் மந்திரிக்கு இடம் உண்டு.

குட்டியாக வந்த நாளிலிருந்தே, யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து யோசிக்கும் நாய். அதனால் அந்தப் பெயர். இப்போது சொந்தப் பெயரைக் கேட்டாலும் யோசிக்கிறது.

கதவு திறந்தது. மந்திரி உள்ளே வந்து நின்றது. மூக்கை உயர்த்தியது. பிறகு நேராக அவளிடம் வந்து, உள்ளங்கைக்குள் முகத்தைப் புதைத்தது.

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த டாக்டர் எழுந்து வந்தார். அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் பிஸ்கட் தூள்.

வரும் வழியில், கைப்பைக்குள்ளேயே கையை விட்டு நொறுக்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் காப்பி அடித்ததில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்கம்மா." டாக்டரின் குரலில் கோபம் இல்லை. "ஒரு பொய் உள்ள வந்துட்டா, பின்னாடி வர்ற நாய்ங்களுக்கெல்லாம் தப்பாப் போயிடும். மனுஷங்களுக்கும்தான்."

மனுஷங்களுக்கும்தான். முதல் முறை வந்தபோதே டாக்டர் அதைச் சொல்லியிருந்தார். கிழட்டு நாய்களின் மூளையில் படிகிற கசடும் வயதானவர்களின் மூளையில் படிகிற கசடும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே கரைந்தால் அங்கேயும் கரையலாம் என்று. அதைக் கேட்ட பிறகுதான் அவள் மந்திரியின் பெயரைக் கொடுத்தாள்.

குழாயடியில் வெகுநேரம் நின்றாள். சோப்புக்கும் போகாமல் வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்காதா என்று இருந்தது.

மறுபடி கதவு திறந்தது.

மந்திரி அறையின் நடுவில் நின்றது. இரண்டு நாற்காலிகளையும் பார்த்தது. இரண்டிலும் யாருமே இல்லாததுபோல் பார்த்தது. பிறகு திரும்பிப் போய், தான் வந்த கதவின் கீல் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திறக்கும் என்று காத்திருந்தது.



குளிப்பாட்டுகிறவர் எழுந்து கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போனார்.

"இழுக்காதீங்க," என்றாள். "அவனுக்கு இப்ப அதுதான் வாசல்."

போய் நின்றாள். எதிரே அல்ல, பக்கத்தில். "நான்தான்," என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் அவளும் அந்தக் கீலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மந்திரி நகர்ந்தபோது கூடவே நகர்ந்தாள்.

"விடுங்கக்கா," என்றார் குளிப்பாட்டுகிறவர். "என்கிட்டயும்தான் வரல."

டாக்டர் குனிந்து மந்திரியின் முதுகைத் தடவினார். "சேர்த்துக்க முடியாதும்மா. ஆனா இன்னைக்கு எடுத்த ரத்தம் வீணாகாது. இவ்வளவு மறந்த நாயோட ரத்தத்துல என்ன இருக்குன்னும் நாங்க பாக்கணும்."

அவள் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். சுற்றியதை அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"நாய்ங்களுக்குச் சரியாயிட்டா, மனுஷங்களுக்கு எப்ப வரும் டாக்டர்?"

"எல்லாம் நல்லபடியாப் போனாலும் ஏழெட்டு வருஷம் ஆகலாம்மா."

கடைசி பஸ் போய்விட்டது என்று கேட்டவள்போல் தலையசைத்தாள்.

காத்திருப்புக் கூடத்தில், அவள் உட்கார வைத்துவிட்டுப் போன பெஞ்சிலேயே கணவர் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த வரவேற்புப் பெண், தொந்தரவு எதுவும் இல்லை என்று சைகை காட்டினாள்.

மந்திரி அவர் காலருகே போய் நின்றது. அவர் முகம் மலர்ந்தது. குனிந்து, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்ல நாய். உங்களோடதாம்மா?"

"நம்மளோடதுதாங்க."

காதில் விழுந்ததோ இல்லையோ. பாவம், எவ்வளவு நேரம் நிற்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். வெளியாட்களுக்கு விடுவதுபோல, நிறையவே இடம் விட்டார்.