மூன்றாவது டப்பா

மூன்றாவது டப்பாவும் வீண்.

காலையில் மகள் படியிறங்கிப் பார்த்தபோது கீழறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கொக்கியின் மேல் அவள் ஒட்டியிருந்த டேப்பைக் கிழிக்காமல், சுருங்காமல் உரித்து, பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு நிதானமான கை அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

"அப்பாதான். வேற யாரு?" என்றான் தம்பி.

அவள் வேலை பார்ப்பது மண்ணையும் காற்றையும் பரிசோதிக்கிற கூடத்தில். பாறை மேல் கட்டிய சில வீடுகளில், தரையின் விரிசல் வழியாக ரேடான் என்கிற வாயு உள்ளே வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரைக்குக் கீழே இருக்கும் அறைகளில் அதிகம் தேங்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் அளவு எக்கச்சக்கமாக வந்திருந்தது. இவர்கள் வீடும் அதே பாறை மேல்தான்; கீழறையோ தரைக்கு அடியில்.

தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். மாடியறையில் தொட்டில் போட இடமில்லை. குழந்தை பிறந்ததும் மூவரும் கீழறைக்குக் குடிவருவதாக ஏற்பாடு. அதற்குள் அளந்தாக வேண்டும்.

அளக்கிற டப்பாவை வைத்தால் நாலு நாள் கதவு, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். வெளிக்காற்று வந்தால் கிடைக்கிற எண் பொய். இதை அப்பாவுக்கு மூன்று தடவை விளக்கியாகிவிட்டது. மூன்று தடவையும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மூன்று தடவையும் ஜன்னல் திறந்தது.

தம்பிக்கு இதில் சந்தேகமே இல்லை. ஊரில் பாதி வீட்டுக்குத் தளம் போட்ட கொத்தனார், தன் வீட்டுத் தரையில் ஓட்டை என்று மகள் சொன்னால் ஒத்துக்கொள்வாரா என்று சிரித்தான்.

"அவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால். விட்டுடு அக்கா."

அவள் விடுவதாக இல்லை. நாலு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நாலாவது டப்பாவை வைத்து, ஜன்னலையும் கதவையும் சாத்தி, படிக்கட்டின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அப்பா வந்தார்.

"வேலைக்குப் போகலையா?"

"நாலு நாளும் இங்கதான்ப்பா வேலை."

அவர் ஓரமாக இறங்கப் பார்த்தார். அவள் நகர்ந்து அந்த ஓரத்தையும் அடைத்தாள்.

"உங்க கௌரவம் பெருசா, பொறக்கப்போற குழந்தையோட மூச்சு பெருசா?"

அப்பாவை இப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

அப்பா கோபப்படவில்லை. ஒரு படி மேலே, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவதாக மெதுவாகச் சொன்னார். தரையைத் துளைத்து, அடியிலிருந்து கூரைக்கு மேல் வரை குழாய் போட்டு, ஒரு ஃபேன் வைத்து அந்த வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடுவார்களாம். விரிசலையெல்லாம் அவரே அடைக்கப்போகிறாராம். அவள் முதல் டப்பாவை வைத்த அன்றைக்கே அடுத்த தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் விசாரித்து, ஆளும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "இவ்வளவும் நம்புறீங்க. அப்புறம் ஏன் ஜன்னலைத் திறக்கிறீங்க?"

"குழாய் போட்டப்புறம் அள. பத்துத் தடவை அள. நானே சாத்தி வைக்கிறேன். இப்ப வேண்டாம்."

"இப்ப எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தானேப்பா, அப்புறம் குறைஞ்சுதான்னு சொல்ல முடியும்? ஒரு எண்ணைப் பார்க்க என்ன பயம் உங்களுக்கு?"

அவர் கீழே சாத்தியிருந்த கதவைக் காட்டினார்.

"மேல நாங்க பேசுற சத்தம் உன் காதுல விழக் கூடாது, நீ நல்லாப் படிக்கணும்னு நான் தோண்டின அறைம்மா இது. பேரப்பிள்ளைக்குக் குழாய் போட்டுடுவேன். பதினாலு வருஷம் இதுக்குள்ளயே படிச்சு, இதுக்குள்ளயே தூங்கின உனக்கு நான் இனிமே என்னத்தைப் போடுறது?"