தொண்ணூற்றெட்டு

கையை வீசிய வேகத்தில் போனைத் தட்டிவிட்டேன்.

ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தது. தரையில் விழுந்து, மேசைக்காலில் சாய்ந்து, என் நாற்காலிக்குக் கீழே பார்த்தபடி நின்றுகொண்டது.

உடையவில்லை. உடைந்தே போயிருக்கலாம்.

கீழே என் மனைவி செண்பகம் உட்கார்ந்திருந்தாள். கேமராவில் படாமல் இருக்க நான் ஒதுக்கிய இடம். என் விரலில் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் கிளிப், அவள் விரலில்.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஜெசிந்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

லேசாகக் கூன் போட்டாலே சத்தம் போடுகிற பெண். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"போன நேரா வைங்க சார். அடுத்தது தோள்."

அவ்வளவுதான்.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பான்.

திரையில் ஜெசிந்தாவும் அப்படித்தான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நுரையீரல் தேங்காய் நாராகிவிட்டது. மூக்கில் குழாய். மூலையில் உறுமும் மெஷின். மாற்று நுரையீரல் வைத்தால்தான் உண்டு. அதற்கான பட்டியலில் என் பேர் இருக்கிறது. உடம்பு தேறினால் நிற்கும், ஆக்ஸிஜன் அளவு இறங்கினால் அடித்துவிடுவார்கள். டாக்டர் அறைக்குள் தனியாகப் போய் வந்த செண்பகம் அப்படித்தான் சொன்னாள்.

என் விரல் எண்பத்திரண்டு காட்டும். அவள் விரல் தொண்ணூற்றெட்டு.

"அளவு காட்டுங்க சார்" என்றதும் கீழேயிருந்து ஒரு விரல் எழும்பும். பெருமையோடு என் முகத்தை வைத்துக்கொள்வேன்.

போனை எடுக்கக் குனிந்தவன், நிமிர்ந்து மூச்சு வாங்கி முடிக்கவே நேரமாயிற்று.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"இன்னைக்குத்தான் தெரியுமா?"

"மொத கிளாஸ்லயே தெரியும். விரல்ல மருதாணி இருந்துச்சு சார்."

வளையலைக் கழற்றச் சொல்லியிருந்தேன். என் மூளை அதுவரைக்கும்தான் போயிருக்கிறது.

சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை.

"அப்புறம் ஏம்மா விட்டு வச்ச? பட்டியல்ல இருக்கவன் பொய்யளவு காட்டினா, திட்ட வேண்டாமா?"

"ஆன்ட்டி..." என்றாள் ஜெசிந்தா. என்னை விட்டுவிட்டு, கீழே இருப்பவளை.

செண்பகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க நீட்டச் சொன்னிய, நான் நீட்டுனேன்."

குரல் சரியாகத்தான் இருந்தது. கிளிப்பிலும் அதே தொண்ணூற்றெட்டு. அதன் கீழே நாடித்துடிப்பு. வழக்கமாக எழுபதில் சோம்பிக் கிடப்பது, உட்கார்ந்த இடத்திலேயே நூற்றிருபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பால அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனாள்.

இன்று பால்காரர் வரவில்லை.

டிக்கெட் எடுக்காதவனை நடுக்காட்டில் இறக்கிவிட்டவன் நான். பக்கத்து சீட்டில் ஒருத்தி இத்தனை நாளும் ஓசியில் வந்திருக்கிறாள்.

போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தேன்.

"பட்டியல்ல என் பேரு இருக்கா, இல்லையா?"

"ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்த..."

"நான் உங்கிட்டதான கேக்கேன்."



"இல்ல சார். ஏப்ரல்லயே முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு ஆன்ட்டி அழுதாங்க."

ஏப்ரல். வெயிலோடு வெயிலாக ரப்பர் பட்டையை இழுத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். புது நுரையீரலுக்கு இடம் பண்ணுகிறேன் என்று நெஞ்சை வேறு தட்டிக் காட்டியிருக்கிறேன். ஒருத்தி இங்கே, ஒருத்தி சென்னையில். நடுவில் குட்டிக்கரணம் போட நான்.

அழலாம் என்றால் அதற்கும் மூச்சு வேண்டும்.

"அப்ப இந்த எந்திரி, உக்காரு, எந்திரி, உக்காருல்லாம் எதுக்கு?"

அவள் முதல் தடவையாகக் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் நீங்களே எந்திரிச்சு பாத்ரூம் போய்ட்டு வரணும் சார். அதுக்குத்தான்."