கைராசி

மனைவி ரிமோட்டை அமுக்கினாள். கார்ப் பூட்டு ‘டக்’கென்று திறந்து, மறுநொடியே தானாகப் பூட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா அண்ணே! நான் லைசென்ஸ் வாங்குன நாள்லேர்ந்து இதே கூத்துதான்.”

மெக்கானிக் புது பேட்டரி போட்டார், ஒயரையெல்லாம் நோண்டினார். அவர் அமுக்கினால் ஒழுங்காகத் திறக்கிறது. அவள் அமுக்கினால் பூட்டிக்கொள்கிறது. ஆள் பார்த்து வேலைசெய்யும் சென்ட்ரல் லாக்கை அவர் கண்டதே இல்லை.

“அவளுக்குக் கைராசி இல்லப்பா” என்று, பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டபடி கணவர் சிரித்தார். “விடும்மா, ஆபீசுக்கு நானே கொண்டுபோய் விடறேன்.”

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். அதைத் தாங்கும் கம்பி உடைந்திருந்தது.

“சார், ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிங்க. அம்மா, இப்ப அமுக்குங்க.”

டக். திறந்தது. திறந்தபடியே இருந்தது.

“அட, இப்ப மட்டும் எப்படி?” மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

அவள் கணவரின் தூக்கிய கைகளைப் பார்த்தாள். நேரே போய் அவர் பாக்கெட்டில் கைவிட்டாள். தொலைந்துபோனதாக அவர் சொன்ன இன்னொரு ரிமோட் வெளியே வந்தது.

“கோளாறு கிடைச்சிடுச்சுண்ணே. பானெட்ட மூடுங்க, நான் ஆபீசுக்குக் கிளம்பணும். சார் பஸ்ல வரட்டும்.”