மாப்பிள்ளை தைத்த ஜாக்கெட்

"நான் ஒரு ஜாக்கெட் தைக்கப்போறேன்," என்றார் மாப்பிள்ளை.

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான்."

காபி குடித்துக்கொண்டிருந்த மாமியாருக்குப் புரையேறியது.

"அப்படியே புடவையும் வேணுமான்னு கேளுடி," என்றார் மகளிடம். மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் மகள் வழியாகத்தான்.

"ஐயோ அத்தை, அந்த ஜாக்கெட் இல்லை! சட்டைக்கு மேல போட்டுக்கிறது. மெல்லிசா, காத்துப் புகாம, முன்னாடி பொத்தான் வச்சு!"

தையலில் மாப்பிள்ளைக்கு இருந்த அனுபவம், அறுந்த பொத்தானை மனைவியிடம் நீட்டியதோடு சரி.

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே இருமல். நெஞ்சில் குளிர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் விடிந்ததும் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகாதே என்றால் கேட்கிற ஆளில்லை. ஆசையாக ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தால், "மகள் வீட்டுல இருக்கிறதே அதிகம். எனக்குன்னு ஒரு துரும்பு வாங்கக் கூடாது," என்று கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா நடுங்குகிறார், இவருக்கு ஜாக்கெட் கேட்குதாக்கும்!

கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்த பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப்படம், பிரிண்டரிலிருந்து தாள் தாளாக வந்து விழுந்தது. ஒட்டிப் பரப்பியதும் கூடத்தில் காலை வைக்க இடமில்லை.

"ஐயோ, முதுகை மிதிக்காதே!"

"யார் முதுகை?"

"உன் காலுக்குக் கீழ பார். அதுதான் பின்பக்கம்!"

கத்தரிப்பூ நிறத்தில் துணி வந்தது.

"இந்தக் கலரா? ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. நல்லதுதானே!"

தையல் மெஷின் ஓடிய ஓட்டத்தில் வீடே கடகடத்தது. தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஒருநாள் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டு, "பேட்டர்ன் தப்பு," என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார். மதியத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். இப்படி ஒரு வேடிக்கை வீடு தேடி வருமா? இருமலுக்கு நடுவே சிரிப்பு, சிரிப்புக்கு நடுவே இருமல்.

அந்த இருமலைக் கேட்கக் கேட்க மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்தருக்கு மட்டும்தான் இந்த வீட்டுல குளிருது போல. சுயநலத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

அவர் காதில் விழாதவர் மாதிரி நூலைப் பல்லால் கடித்தார்.

ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் முடிந்தது. இருவரையும் உட்கார வைத்து, அவர்கள் முன்னால் போட்டுக்கொண்டார்.

போட்டுக்கொண்டார் என்பது பேச்சுக்குத்தான். தோள் ஏறவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது. முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டனவே தவிர, சேரவில்லை. சோளக்கொல்லை பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்தபடி நின்றார்.

மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எரிச்சலெல்லாம் எங்கே போனதோ! மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பொத்தானைப் பாரு! எல்லாம் இடது பக்கம்! ஆம்பளைங்களுக்கு வலது பக்கம்தானே வரணும்?"

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"போகட்டும். கிழிச்சுத் தரை துடைக்க வச்சுக்கோ."

மாமியாரின் சிரிப்பு டக்கென்று நின்றது.

"என்னது, தரை துடைக்கவா? புதுத் துணியையா? இவ்வளவு பாடுபட்டுத் தைச்சுட்டு யாராவது வீணாக்குவாங்களா? இப்படிக் கொடுடி!"

வாங்கி மாட்டிக்கொண்டார். பொருந்திப்போயிற்று.

"எனக்கு ஒண்ணும் தேவையில்லை. வீணாப் போகுதேன்னுதான்," என்று சொல்லிக்கொண்டே பொத்தானைக் கழுத்துவரை போட்டு, ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

மனைவிக்குக் கணவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டியது வேறு மனதை உறுத்தியது.

"விடுங்க. முதல் தடவைதானே? அளவு குறைஞ்சுபோச்சு, பொத்தான் பக்கம் மாறிப்போச்சு. அடுத்தது சரியா வரும்."

அவர் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"எதுவும் மாறலை. பொம்பளைங்க ஜாக்கெட்டுக்குப் பொத்தான் இடது பக்கம்தான் வரும். 'அத்தைக்கு'ன்னு சொல்லித் தைச்சிருந்தா, போட்டுக்குவாங்களா?"

ஊசி குத்திக் குத்திச் சிவந்திருந்த அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

மாடியிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு! அடுத்த தடவை தப்பாத் தைக்கும்போது, கைக்குட்டை வைக்க ஒரு பையும் சேர்த்துத் தப்பாத் தைக்கச் சொல்லு!"