ஒரே குழாய்

"அண்ணி, உங்கட அறைக்கு என்னத்துக்கு இவ்வளவு சூடு? தனி ஆள்தானே. அந்த வால்வைப் பூட்டிப்போட்டு ஸ்வெட்டரைப் போடுங்கோ," என்றான் யோகநாதன், நிலவறைப் படியில் நின்றபடியே. அவள் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, அவளுடைய கட்டிலை மாடியிலிருந்து இங்கே இறக்கியபோதும் இதே படியில் நின்றுதான் பேசினான். தவமலர் குனிந்து, சுவரடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் வால்வுப் பிடியை மெல்ல, முழுவதுமாகத் திருகி மூடினாள்.

அந்தக் குழாயைப் போட்டவர் அவள் கணவர். செலவைக் குறைக்கச் சொல்லித் தம்பி நச்சரித்ததால், அறைக்கொரு கிளை பிரிக்காமல் ஒரே குழாயாக இழுத்திருந்தார். கொதிகலனிலிருந்து வரும் நீர் முதலில் இந்த அறையைக் கடந்துதான் மேலே ஏறி வீடு முழுவதும் சுற்றும். தம்பி அதை மறந்துவிட்டான். அன்று பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றவள் மறக்கவில்லை.

சுவருக்குள் குழாயில் இரண்டொரு தட்டல் கேட்டு ஓய்ந்தது. வெளியே பனி கொட்டியது. கணவரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, குழாயை மூடியிருந்த, ஆறிப்போன தகட்டின் மேல் பாதங்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். மேலே நடமாட்டம் கூடியது. அலுமாரிகள் திறந்து மூடின. யாரோ தும்மினார்கள். பிறகு அவள் கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, மேல விறைக்குது. கீழ சூடு வருதோ?"

"எனக்கென்னத்துக்குத் தம்பி சூடு? தனி ஆள்தானே."

கழற்றி எடுத்த பிடி கோட்டுப் பைக்குள், அவள் உள்ளங்கையில், வெதுவெதுப்பாக இருந்தது.